பாட்டியிடம் உண்மையைச் சொல்லலாமா? தாம்பரத்திலிருந்து ஒரு தத்துவக் கேள்வி

குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். சுவரோரம் வரிசையாக நீல நிற நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. அதிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்து, ஏதோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தடி தள்ளி, வாட்டர் கேன் பக்கத்தில் நாங்கள் நின்றிருந்தோம். அம்மா, பெரியம்மா, மாமா, நான். மாமா கையில் ரிப்போர்ட். வயிற்றில் கட்டி. பயாப்ஸி முடிவும் வந்துவிட்டது. புற்றுநோய்.

"அம்மாகிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாது. கேட்டா அல்சர்னு சொல்லிடுவோம். டாக்டர்கிட்டயும் நான் பேசிட்டேன்" என்றார் மாமா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அது பொய் இல்லையா மாமா? அவங்க உடம்பு. அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மாமா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்புதான். "இந்த நேரத்துல தத்துவம் பேசாதம்மா."

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் அந்த வார்த்தை மூன்று நாள் மண்டைக்குள்ளேயே சுற்றியது. நான் கேட்டது தத்துவமா? அப்படியென்றால் தத்துவம் என்பது என்ன? ஆஸ்பத்திரி வாசலில் அதற்கு என்ன வேலை?

நம்ம ஊரில் 'தத்துவம்' என்றால்...

நம் பேச்சில் 'தத்துவம்' என்ற சொல்லுக்கு ஏறக்குறைய மூன்று அர்த்தங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆட்டோ பின்னால் எழுதியிருக்கும் வாசகம். இரண்டு, காலை ஆறு மணிக்கு சூரிய உதயப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் வரி. மூன்று, வேலைக்கு ஆகாத பேச்சு. மாமா சொன்னது இந்த மூன்றாவது அர்த்தத்தில்.

ஆங்கிலத்தில் பிலாசஃபி என்கிறோமே, அது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'அறிவின் மேல் காதல்' என்று பொருள். நம்முடைய 'தத்துவம்' சமஸ்கிருத வழியில் வந்தது. ஒரு பொருளின் உண்மையான தன்மை என்று பொருள். கல்லூரிப் பாடமாக வரும்போது தமிழில் 'மெய்யியல்' என்கிறார்கள். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். பாட்டி விஷயத்தில் இரண்டும் ஒரே கேள்வியில் வந்து நின்றது.

சில கேள்விகளுக்கு ரிப்போர்ட்டில் பதில் இருக்கும். கட்டி எத்தனை சென்டிமீட்டர்? எந்த இடத்தில்? அதற்கு மருத்துவர் போதும். சில கேள்விகளுக்கு கூகுளில் பதில் இருக்கும். செங்கல்பட்டுக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு? ஆனால் 'பாட்டியிடம் சொல்லலாமா, கூடாதா' என்ற கேள்விக்கு ஸ்கேனிலும் பதில் இல்லை, போனிலும் இல்லை. உட்கார்ந்து காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் காரணம் சரிதானா என்று தட்டிப் பார்க்கவும் வேண்டும். தத்துவம் என்று படிப்பவர்கள் செய்வது இந்த வேலையைத்தான்.

தாம்பரத்தில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. தினமும் நான் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

குருவுக்கே பதில் சொன்ன மாணவர்

கிழக்குத் தாம்பரத்தில், காடு மாதிரி மரங்கள் அடர்ந்த வளாகத்துக்குள் இருக்கிறது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. நம்ம எம்.சி.சி. தத்துவத்துக்கு அங்கே தனித் துறையே உண்டு. அந்தக் கல்லூரியில் தத்துவம் படித்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன். செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவது இவர் பிறந்தநாளைத்தான்.

அவர் இந்தத் தாம்பரம் மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து படித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் படித்தபோது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது. அதற்குள் அவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

அவர் தத்துவத்தை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. வீட்டில் பணக் கஷ்டம். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் இலவசமாகக் கிடைத்ததால் பாடமும் அதுவே ஆனது. அண்ணனின் பழைய கைடை வைத்துக்கொண்டு குரூப் எடுத்த நம்மில் பலருக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. 'வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமே இல்லை' என்று அன்றைக்கு ஒரு விமர்சனம் இருந்தது. கிறிஸ்தவ மிஷனரிகள் பலர் அப்படிச் சொல்லிவந்தார்கள். அதற்குப் பதிலாக ராதாகிருஷ்ணன் ஒரு ஆய்வேடு எழுதினார். அது 1908-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபதுதான். அவருடைய தத்துவப் பேராசிரியர் ஏ.ஜி.ஹாக், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி. ஆசிரியருக்குக் கோபம் வந்துவிடுமோ என்று மாணவருக்கு உள்ளூர பயம். அதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஆனால் ஹாக் கோபப்படவில்லை. மிக நல்ல வேலை என்று பாராட்டினார்.

நம் வீட்டில் மாமா சொன்னதை நான் மறுத்துப் பேசினால், அது 'எதிர்த்துப் பேசுவது.' அந்த வகுப்பறையிலோ ஆசிரியர் சார்ந்த கூட்டத்தின் கருத்தையே மாணவர் மறுத்தார், ஆசிரியர் காரணத்தை மட்டும் எடை போட்டார். யார் சொன்னார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு என்ன சொன்னார் என்று பார். நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. திருக்குறளில் அறிவுடைமை அதிகாரம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

சரி, மாமாவின் காரணத்தை எடை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு முதலில் அவர் காரணம் என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் அதைக் கேட்கவே இல்லை. 'பொய்' என்று முத்திரை மட்டும் குத்தியிருந்தேன்.

மாமாவின் காரணம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் பாட்டி வீட்டு மொட்டை மாடியில் மாமாவிடம் கேட்டேன். "ஏன் மாமா சொல்ல வேணாம்ங்கறீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "உங்க தாத்தாகிட்ட சொன்னோம். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. நான்தான் சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வெச்சுட்டார். அப்புறம் சரியா சாப்பிடவே இல்ல. நாலு மாசம். நான் சொல்லாம இருந்திருந்தா..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. பதினோரு வருடமாக இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார். அது தெரியாமல் ஆஸ்பத்திரி நடையில் நின்று நான் 'பொய்' என்றேன்.

ஆனால் காரணம் எவ்வளவு வலி நிறைந்ததாக இருந்தாலும், அது சரியான காரணம்தானா என்பது வேறு கேள்வி. இதற்கு எனக்கு உதவியது, யாரும் எதிர்பார்க்காத ஒரு ஆள். மணிமேகலை.

மணிமேகலை கேட்ட கேள்வி

அமுதசுரபி கதையைத்தான் நாம் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். காப்பியத்தின் பிற்பகுதியில் அவள் செய்வது இன்னொரு பெரிய காரியம். வஞ்சி நகரத்துக்குப் போகிறாள். ஒரு தவசியின் வடிவத்தில், ஒவ்வொரு சமயக் கணக்கராகத் தேடிப்போய், 'உங்கள் கொள்கை என்ன, சொல்லுங்கள்' என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி என்று வரிசையாக ஆட்கள். ரிப்போர்ட்டர் வேலை பார்க்கும் எனக்கு அதைப் படித்தபோது, மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு பொண்ணு தெருத் தெருவாகப் போவது போலவே இருந்தது.

கடைசியில் வருபவர் பூதவாதி. கண்ணால் கண்டதைத்தான் ஏற்பேன், ஊகித்து அறிவதை ஏற்க மாட்டேன் என்கிறார். மணிமேகலைக்குச் சிரிப்பு வருகிறது. உன் அப்பா அம்மா யார் என்பதையே நீ ஊகித்துத்தானே அறிந்தாய், வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள்.

யோசித்துப் பாருங்கள், நாம் பிறந்ததை நாம் பார்க்கவில்லை. பாட்டியின் வயிற்றுக்குள் இருக்கும் கட்டியையும் எங்களில் யாரும் நேரில் பார்க்கவில்லை. ஒரு படம், ஒரு ரிப்போர்ட். அதிலிருந்துதான் அறிகிறோம். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர் மருத்துவமே பார்க்க முடியாது.

ஆனால் எல்லா ஊகமும் சரியாகாது. அதற்கு மணிமேகலை அடுத்துப் போகும் ஊர், இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய காஞ்சிபுரம். அங்கே அறவண அடிகள் அவளுக்கு ஊகத்தின் இலக்கணத்தையே சொல்லித் தருகிறார். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது; ஏனென்றால் புகை வருகிறது; சமையல்கட்டைப் போல. ஒரு முடிவு, ஒரு காரணம், ஒரு எடுத்துக்காட்டு. இந்த மூன்றில் எதில் ஓட்டை விழும், எப்படி விழும் என்று பட்டியல் போடுகிறது அந்தக் காதை. எடுத்துக்காட்டு பொருந்தாமல் போவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

மாமாவின் காரணத்தை இதில் வைத்துப் பார்த்தேன். முடிவு: பாட்டி தாங்க மாட்டார். காரணம்: புற்றுநோய் என்று தெரிந்தால் மனசு உடையும். எடுத்துக்காட்டு: தாத்தாவைப் போல.

தாத்தா சரியான எடுத்துக்காட்டுதானா?

இதைப் பெரியம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தாத்தாவுக்குத் தொண்டையில வந்துச்சுடி. முழுங்கவே முடியல. தண்ணி குடிச்சாக்கூட வலி. சொல்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கஞ்சிதான். உங்க மாமா அப்போ பெங்களூருல இருந்தான், அவனுக்கு எங்க தெரியும்?"

அன்று ராத்திரி பெரியம்மா அதை மாமாவிடமும் சொன்னார். "நீ சொன்னதால இல்லடா. அவரால முழுங்க முடியல." மாமா எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. எதுவும் பேசவில்லை. சாப்பிட்டார்.

சொன்னதால்தான் தாத்தா சாப்பிடவில்லை என்பது நிஜமாகவும் இருக்கலாம், பாதி நிஜமாகவும் இருக்கலாம். அதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 'அப்பாவுக்கு ஆனது அம்மாவுக்கும் ஆகும்' என்பதை அந்த ஒரு சம்பவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதே தராசில்தான் குடும்ப குரூப்பில் வந்த முள்சீத்தாப்பழ ஃபார்வேர்டையும் வைத்தோம். யாரோ ஒருவருக்குச் சரியாகிவிட்டதாம். யார்? எந்த ஊர்? கூடவே வேறு என்ன சிகிச்சை நடந்தது? அந்தப் பழம் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. ஒரு நல்ல கேள்வி, பாட்டியின் சிகிச்சை தள்ளிப்போகாமல் காப்பாற்றியது.

'பழைய அம்மா இல்ல'

மாமாவிடம் இன்னொரு காரணமும் இருந்தது. "அவங்க இப்போ பழைய அம்மா இல்லம்மா. முன்ன மாதிரி தெம்பு இல்ல."

இதுவும் ஒரு பழைய தத்துவக் கேள்வி. கிரேக்கர்கள் ஒரு கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்துவந்தார்கள். உளுத்துப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை, அடுத்த வருடம் இன்னொன்று. எல்லாப் பலகையும் மாறிய பிறகு, அது அதே கப்பலா? இரண்டு பக்கமும் வாதாடினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் புளூட்டார்க்.

நமக்குக் கப்பல் வேண்டாம். பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் போதும். 1931-ல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் மாறின. என்ஜின் மாறியது. 2004-ல் மீட்டர் கேஜ் மின்சார ரயிலே நின்றுபோய், தண்டவாளத்தின் அகலம்கூட மாறிவிட்டது. ஆனாலும் பாட்டி இன்றைக்கும் "நான் கல்யாணமாகி வந்தப்போ ஏறின அதே ட்ரெயின்" என்றுதான் சொல்வார். தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று பக்கத்து ஊர்களெல்லாம் சேர்ந்து மாநகராட்சி ஆனது. சிட்லபாக்கத்துக்காரர் தன் ஊர் காணாமல் போய்விட்டதாகவா நினைக்கிறார்?

மாறிக்கொண்டே இருப்பது எதனால் அதே பொருளாக இருக்கிறது? பலகையாலா, பெயராலா, நினைவாலா, தொடர்ச்சியாலா? தத்துவக்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எனக்கு அதில் ஒன்று மட்டும் போதுமாக இருந்தது. தாத்தா போன பிறகு ரேஷன் கார்டு முதல் வீட்டு வரி வரை தனியாகப் பார்த்த பெண்மணி, இன்றைக்கும் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து பால் கணக்கைச் சரிபார்க்கிறார். தெம்பு குறைந்திருக்கிறது. கணக்குப் பார்க்கும் ஆள் மாறவில்லை. அப்படியானால் எந்தக் கணக்கில் அவரிடமிருந்து அவர் உடம்பைப் பற்றிய விவரத்தை எடுத்துக்கொண்டோம்?

வள்ளுவரும் கான்ட்டும் என்ன சொல்வார்கள்?

இப்போது நேரடியாகப் பொய்க்கு வருவோம்.

திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகக் கொள்ளப்படும் என்பது அதில் உள்ள கருத்து. மாமா பக்கம் இது பலமான சாட்சி. ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள். வெறும் நன்மை போதாது. அதில் குற்றம் இருக்கக் கூடாது. அல்சர் என்று சொன்னால் பாட்டிக்கு இன்றைக்கு நிம்மதி. நாளைக்கு முடி கொட்டும்போது? பக்கத்துக் கட்டில் நோயாளி "உங்களுக்கும் கேன்சரா?" என்று கேட்கும்போது? அன்றைக்கு அவர் ஒரு நோயை மட்டுமா தெரிந்துகொள்வார்? தன் நான்கு பிள்ளை குட்டிகளும் சேர்ந்து தன்னை ஏமாற்றினார்கள் என்பதையும்தானே?

இன்னொரு பக்கம் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். 1797-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் சொன்னது உலகப் பிரசித்தம். உங்கள் நண்பனைக் கொல்லத் துரத்திவரும் ஒருவன், 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று உங்களிடம் கேட்டால்கூட, பொய் சொல்லக் கூடாது. படிக்கும்போதே 'என்ன மனுஷன்யா இவர்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஸ்கேன் சென்டரில் நான் நின்றது ஏறக்குறைய கான்ட் பக்கத்தில்தான் என்பது உறைத்தபோது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது என்ற மிதப்பு எனக்குள் இருந்திருக்கிறது. கேட்பவர் எப்படித் தூங்குவார் என்று நான் யோசிக்கவில்லை.

இந்தக் கேள்விக்குச் சட்டத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில் தீர்ப்பு சொன்னது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவசர நிலை இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். நோயாளிக்குப் போதுமான விவரம் சொல்லி, அவருடைய சம்மதத்தைத்தான் வாங்க வேண்டும். பெற்ற தாய்க்கே இதுதான் நிலை என்றால், பிள்ளைகள் எங்களுக்கு?

மாமாவும் நானும் இரண்டு எதிர்ப் பக்கத்தில் நின்றாலும், ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி இருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர், பாட்டிக்குத் தெரியக் கூடாது என்று முடிவெடுத்தார். நான், தெரியத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். இருவருமே பாட்டியைக் கேட்கவில்லை.

பாட்டியின் பதில்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வாசல் திண்ணை. பாட்டி பூ கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் மாமாவும் உள்ளே, ஆனால் டிவி சத்தத்தைக் குறைத்திருந்தார்கள்.

நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. இப்படித்தான் கேட்டேன். "பாட்டி, டாக்டர் சொல்றதையெல்லாம் உங்களுக்கு அப்படியே சொல்லணுமா? இல்ல, அதெல்லாம் நாங்க பாத்துக்கட்டுமா? உங்களுக்கு எது சௌகரியம்?"

பாட்டி நாரைப் பல்லில் கடித்து அறுத்தார். "எவ்ளோ நாள்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. அது எனக்கு வேணாம். மத்ததெல்லாம் சொல்லு. பேங்க்ல போய்க் கையெழுத்து போட வேண்டியது இருக்கு. கம்மல் யாருக்குன்னு இன்னும் சொல்லல."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க மாமா மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுபோச்சு. அல்சருக்கு எவன் அழுவான்?" என்றார்.

உள்ளே டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

இப்படி ஒரு பதில் எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது. எல்லாவற்றையும் மறைப்பதும் இல்லை, எல்லாவற்றையும் கொட்டுவதும் இல்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று அவரே கோடு போட்டார். அந்தக் கோட்டை எங்களில் யாராலும் சரியாகப் போட்டிருக்க முடியாது. எங்கே வலிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் அவரே மருத்துவரிடம் கேள்வி கேட்டார். சிகிச்சைப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். முதல் கீமோவுக்கு முன்னால் திருநீர்மலை போக வேண்டும் என்றார். "மேல ஏற முடியாது. கீழ இருக்கற பெருமாளைப் பாத்தா போதும்." போய்ப் பார்த்தோம். கம்மல் யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. எனக்கு இல்லை.

எல்லா வீட்டிலும் இதே பதில் வரும் என்று நான் சொல்லவில்லை. 'எனக்கு எதுவும் தெரிய வேணாம், நீங்களே பாத்துக்கோங்க' என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியது. நினைவு தவறியவர்கள், ரொம்பச் சின்னக் குழந்தைகள் என்றால் கேள்வி இன்னும் கஷ்டமாகும். சில சமயம் முதலில் மருத்துவரிடம் கலந்து பேசிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டின் பதிலை இன்னொரு வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. தாத்தா விஷயத்தில் நாங்கள் கற்றதே அதுதான். கேள்விகளை எடுத்துப்போகலாம். நமக்கு இது எப்படித் தெரியும்? நாம் காட்டும் எடுத்துக்காட்டு பொருந்துகிறதா? நல்லது என்கிறோமே, யாருக்கு நல்லது? சம்பந்தப்பட்டவரைக் கேட்டோமா?

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பாட்டிக்கு இரண்டாவது கீமோ முடிந்திருக்கிறது. சோர்வாக இருக்கிறார். கணக்கு நோட்டு கையிலேயே இருக்கிறது.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மாமா போன் செய்தார். ஆஸ்பத்திரி விஷயமோ என்று பதறி எடுத்தேன். அதில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. டாக்டர் இன்னிக்கு என்கிட்ட ஒரு கணக்கு சொன்னார். எவ்ளோ நாள்னு. அம்மாதான் அது வேணாம்னுட்டாங்க. சரி. ஆனா நாளைக்கு அவங்களே மனசு மாறிக் கேட்டா சொல்லணும்ல? கேக்காத வரைக்கும் நான் சும்மா இருக்கறது... அது பொய்யா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியல மாமா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன், பேசலாம்" என்றேன்.

"வா" என்றார்.